டெல்கோவுக்கு ஒரு பொட்டு

மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோதும் வண்டி ‘க்கர்... க்கர்... டுப்’ என்று இருமிவிட்டு அடங்கிப்போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி, அப்பா வந்துவிட்டாரா என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

கால்மணி நேரத்துக்கு முன்னால்வரை அந்த வண்டி ஜம்மென்றுதான் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பத்மினி கார். ஆனால் தாராவியில் யாரும் அதைப் பத்மினி என்று சொல்வதில்லை. ஃபியட் என்றுதான் சொல்வார்கள். மாட்டுங்கா வெங்கடேஸ்வரன் சாருடைய வண்டி. நாளை விஜயதசமி. காலை ஏழரைக்கு அவர் வந்து எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போகவேண்டும். அங்கே பழைய கார்களின் ஊர்வலம். முதல் வண்டியே இதுதான். அப்பா சுடலைக்கண்ணன் இரண்டு வாரம் பாடுபட்டு, நேற்றுச் சாயங்காலம்தான் டைமிங் வைத்து முடித்திருந்தார்.

பிளக்கில் பொறி எந்த நொடியில் விழவேண்டுமோ அந்த நொடியில் விழுவதற்குப் பெயர் டைமிங். ஒரு முடி முந்தினால் இஞ்சின் உதறும். ஒரு முடி பிந்தினால் வண்டி சோம்பேறியாகிவிடும். மற்ற மெக்கானிக்குகள் அதற்கென்று ஒரு லைட்டு வைத்திருந்தார்கள். சுடலைக்கண்ணன் அதைக் கையால்கூடத் தொட்டதில்லை.

“லைட்டு கண்ணுக்குலா? இஞ்சின் பேசுதது காதுக்குல்லா கேக்கணும்” என்பார்.

காதாலேயே டைமிங் வைக்கிற ஆள் என்று குர்லா வரைக்கும் அவருக்குப் பெயர். அதனால்தான் தனக்கும் வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி மாரி இரண்டு வருடமாகக் கெஞ்சியும், “கையி எவனுக்கும் இருக்குட்டி. இந்த வேலைக்குக் காது வேணும். போயிப் படி” என்று விரட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் என்ன தோன்றியதோ, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “விஜயதசமிக்குக் காலேஜு லீவுதான? நல்ல நாளு. அன்னைக்கு உன் கையில ஸ்பேனர் தாரேன்” என்றார்.

மாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா பேராச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ம், சரி. அந்தப் பருப்ப எறக்கு” என்றாள். அம்மாவுக்கும் கார்களுக்கும் அவ்வளவுதான் உறவு.

அந்த நல்ல நாளுக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி. அதற்குள் இப்படி.

எல்லாம் பக்தியால் வந்த வினை. ஆயுத பூசைக்குப் பூவும் பூசணிக்காயும் வாங்க அப்பா மாட்டுங்காவுக்குக் கிளம்பும்போது சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்.

“எல்லாத்துக்கும் பொட்டு வையி. ஒண்ணு விடாத. பூசையில வச்ச ஆயுதத்த நாளைக்குக் காலம்பற வரைக்கும் ஒருத்தரும் தொடப்பிடாது. என்ன?”

“சரிப்பா.”

மாரி ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப்பு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தாள். பிறகு வண்டிக்கு. நாலு சக்கரம், ரெண்டு லைட்டு, ஸ்டீயரிங். பிறகு போனட்டைத் திறந்தாள். பாட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று. அப்புறம் டெல்கோ.

பழைய வண்டிகளில் காயிலிலிருந்து வரும் கரெண்டை நாலு பிளக்குக்கும் பங்குபோட்டுக் கொடுப்பது டெல்கோதான். ‘இஞ்சினுக்கு மூள இதான்ட்டி’ என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூளைக்கு வெளியே பொட்டு வைத்து என்ன பிரயோசனம்? இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே பித்தளையில் நாலு புள்ளிகள். நாலுக்கும் நல்ல கெட்டியாக ஈரச் சந்தனம். நடுவில் சுற்றுகிற ரோட்டருக்கு ஒரு பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம். மூடியைத் திரும்ப மாட்டினாள்.

கரெண்டு போகிற பாதையில் ஈரச் சந்தனத்தை அப்பினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போது தோன்றவில்லை. மனம் குளிர்ந்துபோய், இவ்வளவு அழகாகப் பொட்டு வைத்த இஞ்சினின் குரலை ஒரு தடவை கேட்கலாமே என்று சாவியைத் திருப்பினாள்.

க்கர். டுப்.

“டைமிங் போயிட்டு” என்றாள் மாரி தனக்குத்தானே. இரண்டு வருடம் மாடி ஏணிக்கடியில் நின்று ஒட்டுக்கேட்ட அறிவு அதைத்தான் சொன்னது. டைமிங் போனால் டெல்கோவின் நட்டைத் தளர்த்தி, டெல்கோவைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பவேண்டும். அவ்வளவுதானே?

ஆனால் ஸ்பேனரெல்லாம் சாமி முன்னால் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. மாரி பக்கத்துக் கடைக்கு ஓடினாள். அங்கே வாசிம் சாச்சா கார்களுக்கு சீட் கவர் தைப்பவர். தாராவியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. மாரியை மட்டும் ‘பேட்டி’, அதாவது மகளே, என்று இந்தியில் கூப்பிடுவார்.

“சாச்சா, ஒரு ஸ்பேனர் வேணும். ஜல்தி.”

“உங்க அப்பாகிட்ட நாப்பது ஸ்பேனர் இருக்கே பேட்டி!”

“அது பூசையில இருக்கு. தொடக்கூடாது.”

“அப்ப நான் தொட்டு எடுத்துத் தரட்டா?”

“ஐயோ, நீங்களும் தொடக்கூடாது சாச்சா!”

வாசிம் யோசித்தார். தையல் மிஷினுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த ஒரு அட்ஜஸ்டிங் ஸ்பேனரை எடுத்தார். “இதுக்கு பூசையும் இல்ல, லீவும் இல்ல. எங்க முஸ்லிம் ஸ்பேனர். நட.”

உதவிக்கு அவரும் கூடவே வந்தார். அதுதான் மாரிக்குப் பெரிய தைரியம். வாசிமுக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

நட்டைத் தளர்த்தினாள். டெல்கோவை இடப்பக்கம் ஒரு விரற்கடை திருப்பினாள். “சாச்சா, சாவி!”

வாசிம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

டொம்ம்!

கார்புரேட்டர் தும்மிய தும்மலில் மாரியின் முகத்தில் கரி அப்பியது. புருவத்தில் பொசுங்கல் வாடை. வெளியே கல்லிச் சந்தில் படுத்திருந்த நாய் எழுந்து, யாருக்கும் சொல்லாமல் தொண்ணூறு அடி ரோட்டைப் பார்த்து நடையைக் கட்டியது.

கேரேஜுக்கு மேலேதான் வீடு. மேலே போவதற்கு ஓர் இரும்பு ஏணி. ஏணித் தலையில் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

“என்னட்டி சத்தம்?”

“வெளிய யாரோ வெடி போடுதாவம்மா.”

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். டிரைவர் சீட்டில் இருந்த வாசிமைப் பார்த்தாள். புகைந்துகொண்டிருந்த இஞ்சினைப் பார்த்தாள்.

“வெடிய போனட்டுக்குள்ளயா வச்சுப் போடுதான்?” என்றாள். பிறகு, “எனக்குச் சுண்டல் அடிபிடிச்சிரும்” என்று உள்ளே போய்விட்டாள்.

“அம்மா அப்பாகிட்ட சொல்லுவாங்களா?” என்றார் வாசிம்.

“அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது சாச்சா. பொக வந்தாத் திட்டுவாவ. அம்புட்டுதான்.”

இடப்பக்கம் ஒத்துவரவில்லை என்றால் வலப்பக்கம். திருப்பினாள். இப்போது இஞ்சின் இருமக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் வலம். இன்னும் கொஞ்சம் இடம். கடைசியில் முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது.

மாரி மொபைலை எடுத்தாள். இந்தியில் ஒரு தாடிக்காரர் சிரித்த முகத்தோடு, டைமிங் அடியோடு போய்விட்டால் டெல்கோவை முழுதாகக் கழற்றிவிட்டு முதலிலிருந்து மாட்டுவதே நல்லது என்றார். மாரி கழற்றினாள். கையில் அது கோழி போலக் கனத்தது. தாடிக்காரர் தொடர்ந்தார். “இப்போது, கழற்றுவதற்கு முன்னால் நீங்கள் போட்டுவைத்த அடையாளத்தைப் பார்த்து...”

“என்ன அடையாளம்?” என்று மாரி மொபைலைப் பார்த்துக் கத்தினாள். “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? மூதேவி!”

“பேட்டி, வீடியோவுக்குக் கேக்காது” என்றார் வாசிம் அனுதாபத்தோடு.

குத்துமதிப்பாக ஒரு திக்கில் வைத்து மாட்டினாள். அந்தக் குத்துமதிப்பு நேர் எதிர்த் திக்காக அமைந்தது விதி. அதாவது பொறி விழவேண்டிய நேரத்தில் விழாமல், விழக்கூடாத நேரத்தில் மட்டும் விழும்படி ஆகிவிட்டது. வாசிம் சாவியைத் திருப்பினார். பத்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சினுக்குள் போன பெட்ரோலெல்லாம் எரியாமல் சைலன்சருக்குள் போய் நிறைந்து காத்துக்கொண்டிருந்தது.

ஒன்று சொல்லவேண்டும். அந்த ஷெட்டுக்குள் ஒரே ஒரு கார்தான் நிற்கும். வண்டியின் மூக்கு வாசலைப் பார்த்திருந்தது. அதன் பின்பக்கம் சுவரை ஒட்டி, பூசையைப் பார்த்திருந்தது.

டமார்!

விளக்கு அணைந்தது. சாமி படம் கோணியது. நாற்பது ஸ்பேனரும், சுத்தியலும், ஜாக்கியும் ஒரே நிறத்துக்கு வந்தன. கறுப்பு. பொட்டு எது, ஸ்பேனர் எது என்று தெரியவில்லை.

“யா அல்லா!” என்றார் வாசிம்.

“முருகா!” என்றாள் மாரி.

இனி யோசிக்க நேரமில்லை. தொடக்கூடாத ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, மன்னிப்புக் கேட்டு, பாவாடை ஓரத்தால் துடைத்து, மறுபடி சந்தனம் வைத்தாள். விளக்கை ஏற்றினாள். அவசரத்தில் சுத்தியலுக்கு மூன்று பொட்டு விழுந்தது. கடைசி ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் அப்பா நின்றார். தோளில் பூசணிக்காய், கையில் பூப்பை.

அவர் உள்ளே வந்து பூசைப் பக்கமாக நடந்தார். சரியாக சைலன்சருக்குப் பின்னால் வந்துவிட்டார். வாசிம் வண்டிக்குள் குனிந்திருந்தார். அப்பா வந்ததைப் பார்க்கவில்லை. மாரி ஸ்பேனரோடு பட்ட பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல், ‘நாமே ஒரு கை பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பிவிட்டார்.

டமார்!

கரியெல்லாம் முதல் வெடியிலேயே போயிருந்தது; இந்தத் தடவை சத்தம் மட்டும்தான். சுடலைக்கண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, பூசணிக்காயை மெதுவாகத் தரையில் வைத்தார்.

மாரிக்கு உயிரே போய்விட்டது. கத்தியிருந்தால் பரவாயில்லை. ரெண்டு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காலடியில் வெடி வெடித்தும் இமைகூட அசையாமல் ஒரு மனுஷன் பூசணிக்காயை வைக்கிறான் என்றால், அந்தக் கோபத்தின் ஆழம் என்ன?

“பூவு வாடிக்கெடக்கு. தண்ணி தெளி” என்றார் அப்பா.

“சரி... சரிப்பா.”

அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். “என்னட்டி மூஞ்சியில கரி?”

“கண்மை அழிஞ்சிட்டுப்பா.”

“ம்” என்றார். எல்லாம் தெரிந்துகொண்டு சொல்கிற ‘ம்’. “வாசிம் பாய் அங்கன என்ன செய்யுதாரு?”

கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை வாசிம் மின்னல் வேகத்தில் உருவினார். “சீட்டு அளவு எடுக்கறேன் சுடலை பாய்! ஃப்ரீயா ஒரு கவர்! தீபாவளி கிஃப்ட்டு!”

அப்பா ஆயுதங்களின் முன்னால் போய் நின்றார். ஈரம் காயாத புதுப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுத்தியலின் மூன்று பொட்டில் கண் ஒரு கணம் நின்றது. “நல்லா வச்சிருக்கட்டி” என்றார்.

குத்திக்காட்டுகிறார் என்று மாரிக்குத் தெரிந்துவிட்டது. ‘நாளைக்கு என்ன செய்யப் போறாரோ?’

பூசை நடந்தது. கற்பூரம் காட்டியாயிற்று. அப்பா நாலு எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தார்.

“சரி, ஸ்டார்ட் பண்ணு. ஒரு அடி முன்னால எடுப்போம்.”

மாரி வாசிமைப் பார்த்தாள். வாசிம் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வந்ததோ, ஒரு புத்தி வந்தது. அப்பாவுக்கு முன்னால் போய் நின்று படபடவென்று சொன்னாள்.

“யப்பா, ஸ்பேனர் ஆயுதம்னா இஞ்சினும் ஆயுதம்தான? ஸ்பேனருக்கு மட்டும் இன்னைக்கு ரெஸ்ட்டு, இஞ்சினுக்கு வேலையா? பாவம்லா?”

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“இத்தன வருசமா எனக்கு இது தோணலையேட்டி!” என்றார். சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “வாசிம் பாய், ஒரு கை குடுங்க. தள்ளுவோம்.”

ஆயுத பூசைக்கு ஃபியட்டைத் தள்ளி எலுமிச்சம்பழம் நசுக்கிய ஒரே கேரேஜ் பம்பாயிலேயே அதுவாகத்தான் இருக்கும். அப்பா ஸ்டீயரிங்கில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, மாரியும் வாசிமும் பின்னாலிருந்து முக்கித் தள்ளினார்கள்.

“இன்னிக்கு நான் கடை தெறந்திருக்கவே கூடாது” என்று முணுமுணுத்தார் வாசிம்.

சுண்டலைக் கொடுக்கும்போது அப்பா சொன்னார், “நாளைக்குக் காலம்பற குளிச்சு ரெடியா இரு. வெங்கடேஸ்வரன் சாரு முன்னாலயே ஸ்பேனர் தாரேன். நாலு பேருக்குத் தெரியட்டும்.”

எது தெரியட்டும்? மாரி தன் பங்குச் சுண்டலை வாசிமிடமே நீட்டிவிட்டாள்.

விடிய இன்னும் நேரமிருக்கும்போதே ஏணியில் பூனைபோல இறங்கினாள். ராத்திரி முழுக்கத் தாடிக்காரரின் வீடியோவை நாலு தடவை பார்த்திருந்தாள். இரண்டாம் பாகத்தில் அவர் சொல்லியிருந்தார்: வெடிக்கிறதா? அப்படியென்றால் டெல்கோவை நேர் எதிராக மாட்டியிருக்கிறீர்கள், அரைச் சுற்று திருப்புங்கள். அதோடு மூடிக்குள் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூடியைக் கழற்றினாள். கோடையில் வற்றிய குளம்போல நாலு சந்தனப் பொட்டும் வெடித்துக் காய்ந்து கிடந்தன.

மாரி அங்கேயே டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். ‘டைமிங் போகவே இல்ல. நான் பொட்டு வச்சதுதான். அப்பா வச்ச டைமிங்க நாசமாக்கினது நான்தான்.’

காலேஜ் ஐடி கார்டின் ஓரத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். அரைச் சுற்று திருப்பி மாட்டினாள். சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடித்துக்கொண்டது!

பிடித்துக்கொண்டதே தவிர, கேட்கிற மாதிரி இல்லை. ஆஸ்துமாக்காரர் சயான் ஸ்டேஷன் படியை ஓடி ஏறுகிற மாதிரி மூச்சிரைத்தது. முட்கார்டு மேல் வைத்த வாசிமின் ஸ்பேனர் துள்ளித் துள்ளிக் கீழே விழுந்தது. டெல்கோவை இந்தப் பக்கம் திருப்பினால் ‘இதுதான்’ என்று தோன்றியது. அந்தப் பக்கம் திருப்பினால் ‘இல்லை, இதுதான்’ என்று தோன்றியது. நல்லது எது, மோசம் எது என்றே தெரியவில்லை. அப்பா சொன்னது எவ்வளவு சரி! கை எவனுக்கும் இருக்கும். அவளுக்குக் கை மட்டும்தான் இருந்தது.

இவ்வளவு சத்தத்துக்கும், மாடியில் அப்பா படுத்திருந்த இடத்தில் ஒரு அசைவும் இல்லை. விழித்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார். மாரிக்கு அதில் சந்தேகமே இல்லை.

“ஏட்டி, காப்பி வேணுமா?” என்று மேலிருந்து வந்தது அம்மாவின் குரல் மட்டும்தான்.

ஏழரை மணிக்கு வெங்கடேஸ்வரன் சார் டாக்ஸியிலிருந்து இறங்கினார். பட்டு வேஷ்டி, தலையில் தொப்பி, கண்ணில் குளிர்க்கண்ணாடி. வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“என்ன சுடலை, ரெடியா? செம்பூர்ல எல்லாரும் வந்தாச்சாம். என் வண்டிக்காகத்தான் வெயிட்டிங்.”

“ஏறி உக்காருங்க சார். ஸ்டார்ட் பண்ணுங்க.”

சாவி திரும்பியது. வண்டி நடுங்கியது. அதன்மேல் மாலையாகத் தொங்கிய சாமந்திப் பூவெல்லாம் உதிர ஆரம்பித்தது. வெங்கடேஸ்வரனின் குளிர்க்கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

“எ-எ-என்னய்யா இது? மி-மிக்ஸி மாதிரி ஆடறது?” என்றார். ஆட்டத்தில் அவருக்கு வார்த்தையே உடைந்து உடைந்துதான் வந்தது. “காதாலயே வெப்பேன்னு சொன்னியே!”

அப்பா முட்கார்டு மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் சுருங்கியது. மெதுவாகத் திரும்பி மாரியைப் பார்த்தார்.

இதோ வந்துவிட்டது. நாலு பேர் முன்னால்.

“யப்பா, நான்தாம்ப்பா...” என்று மாரி தொடங்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் சொன்னாள். “டெல்கோவத் தொட்டது நான்தான். நேத்தே. சந்தனம் வச்சு...”

“பொறு” என்றார் அப்பா.

சாமி முன்னாலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டெல்கோவின் நட்டைத் தளர்த்தினார். ஒரு கையால் டெல்கோவைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார். டைமிங் வைக்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான். இஞ்சினைப் பார்க்க மாட்டார். மேலே எங்கேயோ, சாமியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

அம்மா வேறு சரியாக அந்த நேரம் பார்த்து ஏணித் தலைக்கு வந்துவிட்டாள், கரண்டியும் கையுமாக.

“காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா! வீடெல்லாம் பொக!” கரண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். “நல்ல நாளு அதுவுமா! பால்ல கரி விழுது! இன்னும் எம்புட்டு நேரந்தான்... ம், ம்... போதும்! போதும்னேன்!”

“மாமி கோச்சுக்கறாளே” என்றார் வெங்கடேஸ்வரன் சங்கடத்தோடு.

அப்பா அம்மாவின் கத்தலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், காரியமே கண்ணாக டெல்கோவைத் திருப்பினார். கொஞ்சம் இந்தப் பக்கம். கொஞ்சம் அந்தப் பக்கம். ஒரு இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்கினார்.

நடுக்கம் நின்றது. தொட்டிலில் பிள்ளை தூங்குகிற மாதிரி, இஞ்சின் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே சீராக முனகியது. வெங்கடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“காதுய்யா அது! அந்தக் காதுக்குத் தங்கத்துல கடுக்கன் போடணும்!”

அப்பா கைகூப்பினார். பிறகு மாரியின் பக்கம் திரும்பி, அந்த ஸ்பேனரை அவள் கையில் வைத்து அவள் விரல்களை மூடிவிட்டார். “புடி. இன்னையிலேர்ந்து நீயும் உண்டு.” அவ்வளவுதான். வண்டியில் ஏறி வெங்கடேஸ்வரன் சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஃபியட் கல்லியைத் தாண்டி ரோட்டில் இறங்கி, மினுக்கிக்கொண்டே போனது. வாசிம் வாசலில் நின்று கைதட்டினார்.

மாரி ஸ்பேனரைப் பார்த்தாள். அது நெருப்புமாதிரி சுட்டது.

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக முனகி முனகி இறங்கி வந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். மாரி போய் அவள் மடியில் விழுந்து அழ ஆரம்பித்தாள். சந்தனத்திலிருந்து தொடங்கி, தாடிக்காரர், வெடி, கரி, தொட்ட ஆயுதம், தள்ளிய வண்டி என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

“எனக்கு இந்த ஸ்பேனர் வேண்டாம்மா. எனக்குக் காதே இல்ல. அவ்வளவு வெடி வெடிச்சும், காலம்பற வண்டி அந்தக் கத்துக் கத்தியும், அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லல. மனசுக்குள்ள என்ன நெனச்சிருப்பாவ? அப்பா காதுக்கு முன்னால நான் எப்படிம்மா நிப்பேன்?”

பேராச்சி கரண்டியை மகள் கையில் இருந்த ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அவுகளுக்குக் காது போயி ரெண்டு வருசமாச்சுட்டி, பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவாவ, இஞ்சினுக்கு வாயி இல்லைலா, அதுக்குக் காதக் குடுத்து இந்த ஏணியில நின்னு கரண்டியால சாட காட்டுனது நாந்தான், இப்ப எனக்கு முட்டு போச்சுன்னுதான் உன்னயச் சேத்துக்கிடச் சொன்னேன்.”